பத்தாயிரத்துக்கு ஒரு முறை

ஜூன் கடைசி ராத்திரி, இரண்டு பதினேழு.
அம்பத்தூர் எஸ்டேட்டில் மழை
கரண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது.
யூபிஎஸ் பதினோரு நிமிடம் தாங்கும் என்று
எழுதி ஒட்டியிருந்தது.
நான்கில் கைவிட்டது.

ஓடிக்கொண்டிருந்தது காலாண்டு வட்டி.
ஆறு லட்சத்துச் சொச்சம் சேமிப்புக் கணக்குகள்.
ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டு
உள்ளங்கையில் சில்லறை வைத்து
அடுத்ததற்கு நகரும் வேலை.
பத்தாயிரம் முடிந்தால்
ஒரு கோப்பில் ஒரு வரி எழுதும்:
இதுவரை வந்தேன்.
அவ்வளவுதான் அதன் ஞாபகம்.
விழுந்து எழுந்தால் அந்த வரியைத்தான் தேடும்.

முன்பு அதுவும் இல்லை.
ஐந்தரை மணி நேரம் ஓடி
கடைசிக் கிளையில் தடுக்கினாலும்
எல்லாவற்றையும் துடைத்துவிட்டு
முதல் கணக்கிலிருந்து மறுபடி.
அப்புறம் வந்த கோப்பும் ஒரு நாள்
எழுதும்போதே கரண்ட் போய்
பாதி எண்ணோடு நின்றது.
ஜெயசீலன் சார் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு
பக்கத்துக் கம்பெனி வரை கேட்டது.
அன்றிலிருந்து
வேறு பெயரில் முழுதாக எழுதி,
பிறகுதான் பெயர் மாற்றுவது.
பழைய உண்மை இருக்கலாம், புதிய உண்மை இருக்கலாம்.
அரை உண்மை கூடாது.

ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
கோப்பைத் திறந்தேன்.
மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
சுத்தமாக இருந்தது.
தொடர் என்று தட்டினேன்.

தட்டிய பிறகுதான் வயிற்றில் ஏதோ இறங்கியது.

கோப்புக்குத் தெரிந்தது நாற்பதாயிரம் வரை.
வேலை இருட்டுக்கு முன்பே
அதைத் தாண்டி நடந்திருந்தது
ஆறாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கணக்குகள்.
மறதிக்காரன் பந்தியில் திரும்பி வந்து
பாயசம் விட்ட இலைக்கே
பாயசம் விடுவதுபோல
அத்தனை பேருக்கும் இன்னொரு வட்டி.
நான் நிறுத்துவதற்குள் பந்தி முடிந்திருந்தது.

மூன்றரைக்கு உட்கார்ந்து
திருப்பி எடுக்கும் நிரல் எழுதினோம்,
ஃபெலிசிட்டா சொல்லச் சொல்ல நான்.
"இதையும் ரெண்டு தடவை ஓட்டிடாதடா" என்றாள்.
இரண்டு பேரும் சிரிக்கவில்லை.
காசை எடுப்பதும்
எடுத்தாயிற்று என்று குறிப்பதும்
ஒரே மூச்சில் நடக்க வேண்டும்;
மூச்சு நின்றால் இரண்டுமே நடக்கக் கூடாது.
அப்படி எழுதினால்
நூறு முறை ஓட்டினாலும் ஒரு முறைதான்.
இதை ஏப்ரலிலேயே சொன்னதாக
அவள் சொல்லவில்லை.
சொன்னாள் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது.

விடிந்தும் என்னை விடவில்லை.
பத்து நாற்பதுக்கு மண்ணடிக் கிளையிலிருந்து
ஒரு அழைப்பைத் தள்ளிவிட்டார்கள்.
மர்ஜானா பீவி.
பதினோரு ரூபாய் நாற்பது காசு.
"ஏன் எடுத்தீங்க?"
கூடுதலா வந்துருச்சும்மா.
"எப்ப வந்துச்சு? யாரும் சொல்லலையே."

ஐம்பது ரூபாய்க்குக் கீழே
வரவுக்கு எஸ்எம்எஸ் கிடையாது.
பற்றுக்கு உண்டு, ஒரு ரூபாய் ஆனாலும்.
ராத்திரி முழுக்க எங்களுக்கு நடந்ததில்
அவருக்குப் போய்ச் சேர்ந்தது
எடுத்தோம் என்ற ஒரு வரி.

பாஸ்புக்கைப் புரட்டும் சத்தம்.
"கடைசியா பதிஞ்சது பிப்ரவரி எட்டு.
அதுக்கு முன்னாடி எல்லாம் எனக்குத் தெரியும்.
அங்கேருந்து ஒண்ணுவிடாம சொல்லுங்க."

சொன்னேன்.
மார்ச் முப்பத்தொன்று, வட்டி, பதினொன்று பத்து.
ம்.
மே இரண்டு, எடுத்தது, ஐந்நூறு.
ம். மகனுக்கு.
ஜூன் முப்பது, வட்டி, பதினொன்று நாற்பது.
ம்.
அதே தேதி, அதே வட்டி, மறுபடி.
கொஞ்சம் தாமதித்து, ம்.
ஜூலை ஒன்று, திருப்பி எடுத்தது, பதினொன்று நாற்பது.

ம் வரவில்லை.
ஹலோ என்றேன். லைன் செத்திருந்தது.
எங்கே வரை கேட்டார், அந்தக் கடைசி வரி
போய்ச் சேர்ந்ததா இல்லையா,
எந்தக் கோப்பிலும் இல்லை.

எண்ணைத் தேடி அழுத்தினேன்.
மணி அடித்துக்கொண்டிருந்தது.
எடுத்தால்
பிப்ரவரி எட்டிலிருந்து.